கியோட்டோவில் இலையுதிர்கால நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் கியோட்டோவில் மேப்பிள் மரங்களின் செவ்விலை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கோயில்களின் பட்டியலோடு கிளம்புகிறார்கள். அந்த இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வெயில் எந்தப் பக்கமிருந்து விழும், எத்தனை மணிக்குப் போகலாம் என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் பேர்பெற்ற தோட்டத்தில் பச்சை இலையையோ மொட்டைக் கிளையையோ பார்த்துவிட்டுத் திரும்ப நேர்கிறது.

பெரிய தவறு தேதியில்தான். ஜிதாய் மட்சுரி ஊர்வலம் அக்டோபர் 22-இல் நடக்கிறது. 1895-இல் தொடங்கிய இந்த ஊர்வலம் நண்பகலில் பழைய அரண்மனையிலிருந்து கிளம்பி ஹெயான் ஆலயம் வரை போகும். அவசியம் பார்க்க வேண்டியது. ஆனால் அதே பயணத்தில் மேப்பிள் சிவப்பையும் பார்த்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. பச்சையம் சிதைந்து சிவப்பு நிறமி ஏற, இரவுக் குளிர் ஏறக்குறைய 8 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். நகருக்குள் அந்தக் குளிர் நவம்பரில்தான் நிலைக்கும். நகரக் கோயில்களுக்கு நவம்பரின் கடைசிப் பத்து நாள் பொருத்தம். வெப்பம் நீடிக்கும் ஆண்டுகளில் டிசம்பர் முதல் வாரம் வரை தள்ளும்.

தேதியை மாற்ற முடியாதவர்கள் இடத்தை மாற்றலாம். வடமேற்கு மலையிலுள்ள தகாவோவில் நவம்பர் முதல் பாதியிலேயே சிவந்துவிடும். கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பேருந்தில் சுமார் 50 நிமிடம். ஜிங்கோஜி கோயிலுக்கு ஏறக்குறைய 400 கற்படிகள் ஏற வேண்டும். வழுக்கும் காலணி ஆகாது. பக்கத்திலுள்ள கோசான்ஜி, விலங்குகள் கூத்தாடும் ஓவியச் சுருள்களுக்குப் பேர்போனது. மூலச் சுருள்கள் டோக்கியோ, கியோட்டோ தேசிய அருங்காட்சியகங்களின் பொறுப்பில் இருக்கின்றன. கோயிலில் இருப்பது நகல் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். பிந்தி வருகிறவர்களுக்கு ஷிமொகாமோ ஆலயத்தின் ததாசு வனம் இருக்கிறது. மற்ற இடங்களில் இலை கொட்டிய பிறகும், டிசம்பரில் அங்கே நிறம் இருக்கும்.

அடுத்தது திசை. அராஷியாமா மலை நகரின் மேற்கே நிற்கிறது. காலை வெயில் அதன் முகத்தில் நேரே விழும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட, சரிவு மங்கிவிடும். ஹிகாஷியாமா மலைப்பகுதி கிழக்கே இருப்பதால் அங்கே நேர்மாறு. பலரும் காலையில் ஹிகாஷியாமாவின் கியோமிசு கோயில், மாலையில் அராஷியாமா என்று போகிறார்கள். வெளிச்சத்துக்காகப் போகிறவர்கள் இதைத் திருப்பிப் போட வேண்டும். நவம்பர் இறுதியில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அருகிலுள்ள தனி இலையை மட்டும் சூரியனுக்கு எதிராக, ஒளி ஊடுருவி வரும் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் சிவப்பு முழுதாகத் தெரியும்.

'தத்துவப் பாதை'யைச் செவ்விலை நடை என்று நம்புவதும் தவறு. ஏறக்குறைய 2 கி.மீ. நீளும் அந்தக் கால்வாய்க் கரையில் பெரும்பாலும் செர்ரி மரங்கள். அவை மேப்பிளை முந்திச் சிவந்து, முந்திக் கொட்டிவிடும். அதை வழியாக மட்டும் கொள்ளுங்கள். ஹோனென்இன், தெற்கு முனையில் எய்கன்தோ, அப்புறம் நான்சென்ஜி என்று கோயில் கோயிலாக இறங்கினால் ஓர் அரை நாள் நிறைவாகக் கழியும். எய்கன்தோவில் பகல் சீட்டு வேறு, இரவு விளக்கொளிச் சீட்டு வேறு. பகலில் வந்தவர்களை வெளியேற்றிவிட்டுத்தான் இரவுக்குத் திறப்பார்கள். உள்ளேயே காத்திருந்து பார்த்துவிடலாம் என்ற யோசனை பலிக்காது. கேமரா முக்காலியும் கொண்டுபோக வேண்டாம்.

தோஃபுகுஜி கோயிலுக்குக் காலை 11 மணிக்குப் போனால் மரத்தைவிட மனிதத் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். நவம்பரில் காலை 8:30-க்கே திறக்கிறார்கள். அதற்கு முன்னால் வாசலில் நிற்க வேண்டும். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா ரயில் தடத்தில் ஒரே நிறுத்தம், பிறகு பத்து நிமிட நடை. கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது கோயிலுக்குள் இருக்கும் ட்சூடென்கியோ பாலத்தின் மேல் படமெடுக்கத் தடை விதிப்பதுண்டு. பாலத்தில் கண்ணால் பாருங்கள். கேமராவைக் கீழே பள்ளத்தாக்கில் எடுங்கள். நவம்பர் 23 அரசு விடுமுறை. அன்றும் அதை ஒட்டிய வாரயிறுதியிலும் இந்தக் கோயிலைத் தவிர்ப்பது நல்லது.

பேருந்தை மட்டும் நம்பினால் அரை நாள் சாலையிலேயே போய்விடும். பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் சீட்டின் விற்பனை 2023-இலேயே நின்றுவிட்டது. இப்போது சுரங்க ரயிலையும் சேர்த்த 1,100 யென் சீட்டுதான். ரயிலில் அருகே போய், மிச்சத்தை நடப்பதே நல்லது. நகரப் பேருந்தில் பின்கதவால் ஏறி, முன்கதவில் 230 யென் கொடுத்து இறங்க வேண்டும். 1,000 யென்னுக்கு மேற்பட்ட தாளுக்குப் பேருந்தில் சில்லறை கிடைக்காது. கோயில் வாசலிலும் சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.

கோயில் கூடங்களில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். நவம்பர் இறுதியில் மரத்தரை பனிக்கட்டிபோல் சில்லிடும்; கெட்டியான காலுறை இல்லாவிட்டால் தோட்டத்தின் முன் பத்து நிமிடம்கூட உட்கார மனம் வராது. அவசரமாகப் பார்த்துவிட்டு ஓட வேண்டிய இடங்கள் இல்லை அவை. கெய்ஷா கலைஞர்களின் பகுதியான கியோனில் தனியார் சந்துகளுக்குள் நுழைவதும், மைகோவை (பயிற்சியிலுள்ள கெய்ஷாவை) வழிமறித்துப் படமெடுப்பதும் கூடவே கூடாது. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்; வேலைக்குப் போய்வருகிறார்கள்.

முன்பதிவு வேண்டிய இடங்களைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். சைஹோஜி என்ற பாசிக் கோயிலுக்கு முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. ஷுகாகுயின் அரண்மனைத் தோட்டத்தை வழிகாட்டியோடுதான் பார்க்கலாம். 80 நிமிடம், ஏறக்குறைய 3 கி.மீ. ஏற்ற இறக்கம். அனுமதி அரச இல்லத் துறையிடம் பெற வேண்டும், கட்டணம் இல்லை. கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் திறந்துவிட்டுச் செவ்வாயன்று மூடுவார்கள். ஆளில்லாத கதவின் முன் நிற்பவர்களில் பலர் செவ்வாயில் வந்தவர்கள்தான்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு சொல். நான்சென்ஜி பக்கம் யுதோஃபு என்ற கொதிநீர் டோஃபு பேர்பெற்றது. டோஃபு என்பதாலேயே அதைச் சைவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொட்டுக்கொள்ளும் சாற்றில் உலர்ந்த கட்சுவோ மீன் சேர்ந்திருப்பது வழக்கம். மீன் சாறே கலக்காத உணவு வேண்டுமென்றால் ஷோஜின் ரியோரி எனப்படும் துறவிகளின் சமையலைத் தேடுங்கள். பல இடங்களில் அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.