வெட்டுப்படாத பிரதியைத் தேடும் முறை

தணிக்கையில் வெட்டுப்பட்ட ஒரு கலைப்படத்தை முழுமையாகப் பார்க்க விரும்புபவர் பெரும்பாலும் படத்தின் பெயரோடு ‘அன்கட்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடத் தொடங்குகிறார். அந்தச் சொல்லை நம்பிப் பணம் செலவிடக் கூடாது. முன்பு வெட்டப்பட்ட சில வினாடிகளை ஒரு நாட்டில் திரும்பச் சேர்த்தாலே, வேறு நாட்டில் வெளியான இன்னும் நீளமான பிரதி இருந்தாலும், உறையின் மேல் அந்தச் சொல்லை அச்சிட்டுவிடுவார்கள். ஆகவே பிரதியைத் தேடுவதற்கு முன் வெட்டைத் தேட வேண்டும்: யார் வெட்டினார்கள், எந்த ஆண்டில், எந்தக் காட்சியை, எவ்வளவு நீளத்துக்கு என்ற நான்கு விவரங்களும் கையில் இருந்தால்தான் கிடைத்த பிரதி சரியானதா என்று சொல்ல முடியும்.

பிரிட்டனின் திரைப்படத் தணிக்கை வாரியம் தன் இணையதளத்தில், ஒரு படத்துக்கு வெட்டு கேட்கப்பட்டதா என்பதையும் ஓடும் நேரத்தையும் நிமிடம், வினாடிக் கணக்கில் தருகிறது. இரண்டு பிரதிகளைக் காட்சி காட்சியாக, படங்களுடன் ஒப்பிட்டுக் காட்டும் ‘மூவி சென்சார்ஷிப்’ தளமும் மிகவும் பயன்படும். திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபியில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ள மாற்றுப் பதிப்புகள் பகுதி பயனர்கள் எழுதியது என்பதால், அதைச் சான்றாகக் கொள்ளாமல் துப்பாக மட்டும் கொள்வது நல்லது. பழைய படங்களுக்குப் பல நாடுகளின் தணிக்கை ஆவணங்களில் நேரத்துக்குப் பதிலாகப் பிலிமின் நீளம் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும், 35 மி.மீ. பிலிம் வினாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 27.4 மீட்டர் ஓடும் என்பதால், அந்த நீளத்தை 27.4ஆல் வகுத்தால் நிமிடங்கள் கிடைத்துவிடும். மௌனப் படங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை பல வேகங்களில் ஓட்டப்பட்டதால், அவற்றுக்கு மீட்டர் அளவை மீட்டர் அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

நேரத்தை ஒப்பிடும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வெளியான டிவிடிகளில், 24 ஃபிரேமில் எடுத்த படம் 25 ஃபிரேம் வேகத்தில் ஓடுவதால், 100 நிமிடப் படம் ஒரு ஃபிரேம்கூட வெட்டப்படாமலேயே 96 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நான்கு நிமிடம் காணவில்லை என்று பதறுவதற்கு முன், அந்த நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்துப் பாருங்கள். புளூரேயில் பெரும்பாலும் படம் அதன் உண்மையான வேகத்திலேயே ஓடுவதால், ஒப்பிடுவதற்கு அதுவே வசதியானது.

நேரம் சரியாக இருந்தாலும் படம் முழுமையானது என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானிய இயக்குநர் நாகிசா ஒஷிமா 1976இல் வெளியிட்ட ‘இன் தி ரெல்ம் ஆஃப் தி சென்சஸ்’ படத்தை, ஜப்பானின் ஆபாசத் தடைச் சட்டத்துக்குத் தப்புவதற்காக, ஜப்பானில் படமாக்கி, கழுவாத நெகட்டிவைப் பிரான்ஸுக்கு அனுப்பி அங்கே பணிகளை முடித்தார். அப்படியும் ஜப்பானில் காட்டியபோது உடல் பகுதிகள் மங்கலாக மறைக்கப்பட்டன. மங்கலாக்குவதும், காட்சியைப் பெரிதாக்கி ஓரத்தில் உள்ளதை விலக்குவதும், வசனத்தின் ஒலியை அழிப்பதும், சப்டைட்டிலில் கருத்தை மாற்றுவதும் வினாடியைக் குறைப்பதில்லை. இவற்றைக் காட்சியோடு காட்சியை வைத்துப் பார்த்தால்தான் பிடிக்க முடியும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன்: மிக நீளமான பிரதியே இயக்குநரின் பிரதி என்று எண்ணிவிட வேண்டாம். சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஆந்த்ரேய் ருப்ளேவ்’ 1966இல் முதலில் 205 நிமிடங்களாக இருந்தது; பின்னர் அவரே சுருக்கிய, ஏறத்தாழ 183 நிமிடப் பதிப்பைத்தான் தாம் விரும்புவதாக அவர் சொல்லியிருக்கிறார். இன்னொரு சோவியத் இயக்குநரான பராஜனோவின் ‘மாதுளையின் நிறம்’ படத்துக்கு ஆர்மீனியாவில் வெளியான பதிப்பும், மற்ற சோவியத் பகுதிகளுக்காகச் செர்கேய் யுத்கேவிச் என்ற வேறொரு இயக்குநர் மறுபடி தொகுத்த பதிப்பும் தனித்தனியாக உள்ளன. இரண்டாவதில் காட்சிகள் குறைந்ததோடு அவற்றின் வரிசையும் மாறியிருப்பதால், எத்தனை நிமிடம் என்று கேட்பதைவிட யார் தொகுத்தது என்று கேட்பதே இங்கே சரியான கேள்வி.

வாங்குவதற்கு முன், எந்தப் பகுதியின் கருவிகளில் வட்டு ஓடும் என்று காட்டும் டிவிடியின் மண்டல எண்ணையும் புளூரேயின் ஏ, பி, சி குறியீட்டையும் உங்கள் கருவியோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். பிறகு வெளியீட்டாளர் மூலப்பிரதியைப் பற்றி என்ன சொல்கிறார் என்று படியுங்கள். எந்த ஆவணக் காப்பகத்தின் நெகட்டிவிலிருந்து எடுத்தார்கள், எந்த ஆண்டு மீட்டெடுத்தார்கள் என்று எழுதியிருப்பவரை, மினுமினுக்கும் உறை மட்டும் போட்டவரைவிட நம்பலாம்.

பிரதி கைக்கு வந்ததும், வெட்டு விழுந்ததாக நீங்கள் குறித்துவைத்த இடத்துக்கு நேராகப் போங்கள். அங்கே கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும்: பின்னணியில் பெய்யும் மழையின் ஓசை சட்டென்று வேறாகும், வயலினின் ஒரு சுரம் பாதியில் அறுந்து அடுத்த சுரம் தொடங்கும், உயர்ந்த கை இறங்காமலே இறங்கியிருக்கும். வேற்றுமொழி டப்பிங் தடம் இருந்தால் அதையும் ஓட்டிப் பாருங்கள். அந்த மொழியில் வெளியானபோது வெட்டப்பட்ட காட்சிகளுக்கு அப்போது குரல் கொடுக்கப்பட்டிருக்காது. அவற்றைத் திரும்பச் சேர்த்த பிரதியில் பாத்திரங்கள் திடீரென்று மூலமொழியில் பேசிவிட்டு மறுபடி டப்பிங்குக்குத் திரும்புவார்கள். சேர்த்த காட்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதுவே வரைபடம்போலக் காட்டிவிடும். அந்த இடத்தில் மட்டும் கீறலும் நிற மங்கலும் இருந்தால் வருந்த வேண்டாம், வேறொரு பிரதியிலிருந்து மீட்டுச் சேர்த்திருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

சில படங்களுக்கு முழுப் பிரதி கடையில் கிடைக்கவே கிடைக்காது. பிரிட்டிஷ் இயக்குநர் கென் ரஸ்ஸலின் ‘தி டெவில்ஸ்’ (1971) படத்தில் வெட்டப்பட்ட முக்கியமான காட்சி பின்னர் கண்டெடுக்கப்பட்டும், 2012இல் பிரிட்டனில் வந்த டிவிடியில் அது சேர்க்கப்படவில்லை. இத்தகைய படங்களுக்குத் திரைப்பட ஆவணக் காப்பகங்களின் திரையிடல் பட்டியலையும், மீட்கப்பட்ட படங்களுக்கென்றே இத்தாலியின் பொலோன்யா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் விழாவின் நிரலையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். டென்மார்க் இயக்குநர் ட்ரையரின் மௌனப் படமான ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) பிரான்ஸில் வெட்டுப்பட்டு, அதன் மூல நெகட்டிவும் தீயில் அழிந்து, அரைநூற்றாண்டுக்கும் மேலாகச் சிதைந்த வடிவிலேயே பார்க்கப்பட்டுவந்தது. 1981இல்தான் ஆஸ்லோ மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியில், வசனங்களைத் திரையில் காட்டும் டேனிஷ் எழுத்து அட்டைகளோடு, வெட்டுக்கு முந்தைய பிரதி கிடைத்தது. எனவே குறிப்பேட்டில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதும்போது பக்கத்தில் தேதியையும் எழுதிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தேடுங்கள்.