மழை வந்தால் நெட் போகிறதா? முதலில் ரிசீவரை எடுங்கள்

என் அப்பா மாயவரத்தில் டெலிபோன் லைன்மேனாக இருந்தவர். நெட் விட்டுவிட்டு வருகிறது என்று யாராவது சொன்னால் மோடத்தின் பக்கமே போகமாட்டார். ரிசீவரை எடுத்து ஒரே ஒரு எண்ணை அழுத்துவார். டயல் டோன் அடங்கியதும் கேட்பார். நல்ல லைனில் சத்தமே இருக்காது. கரகரவென்றோ உஸ்ஸென்றோ கேட்டால், “வயர்லதான்ப்பா கோளாறு” என்பார். செம்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் (போன் வயரிலேயே வரும் பிராட்பேண்ட்) வைத்திருப்பவர்கள் இன்றும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். வயர் போட்ட சாதா போனில் கேளுங்கள்; கார்ட்லெஸ்ஸுக்குச் சொந்த இரைச்சல் உண்டு.

பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். ஏடிஎஸ்எல்லின் வேகமான வகையான ஏடிஎஸ்எல் 2 பிளஸ் அதே கம்பியில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அதனால் பேச்சு தெளிவாக இருந்தும் நெட் தள்ளாடலாம். பேச்சிலேயே இரைச்சல் என்றால் நெட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் பிரவுசரில் மோடத்தின் செட்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1தான். எஸ்என்ஆர் மார்ஜின் என்பது இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு இருக்கும் மிச்ச பலம்; அது 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 6க்குக் கீழே போனால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். அட்டென்யுவேஷன் என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்ற கணக்கு. தூரம் கூடினால் அதுவும் கூடும், அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. வெயிலில் ஒரு முறை, மழையில் ஒரு முறை, போன் மணி அடிக்கும்போது ஒரு முறை எஸ்என்ஆரைக் குறித்துவையுங்கள். மணி அடிக்கும்போது மட்டும் விழுந்தால், பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டியான ஸ்பிளிட்டரை மாற்றிப் பாருங்கள்.

அக்கா வீட்டில் ஐப்பசி மழையில் எஸ்என்ஆர் 14 இருந்தது 5 ஆனது. புது மோடம் வாங்கினாள், அதே கதை. சன்ஷேடுக்குக் கீழே வயரை முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் இருந்தது. டேப்பைப் பிரித்தேன், உள்ளே தண்ணீர். செம்பு பச்சை பூத்துப் போயிருந்தது, ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது. பளபளவென்று செம்பு தெரியும் வரை வெட்டி, ஜெல்லி அடைத்த கனெக்டர் போட்டு அழுத்தினேன். அடுத்த மழையில் 13க்குக் கீழே இறங்கவில்லை. இந்த வேலையை இடி மின்னலில் செய்யாதீர்கள். ரிசீவர் வைத்திருக்கும்போது லைனில் சுமார் 48 வோல்ட் இருக்கும், மணி அடித்தால் அதைவிடக் கூடும்.

வீட்டுக்குள் பழைய எக்ஸ்டென்ஷன் வயர் எங்காவது போன் இல்லாமல் தொங்கினால் கழற்றிவிடுங்கள். அந்த வெறும் முனையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து இணைப்பைக் கெடுக்கும். மோடம் வரைக்கும் தட்டை வயர் வேண்டாம், முறுக்கு வயர் போடுங்கள். கரன்ட் வயரோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

எல்லாம் செய்தும் சரியாகவில்லையா? லைன் வீட்டுக்குள் நுழையும் பெட்டியிலேயே, மற்ற வயர்களைக் கழற்றிவிட்டு மோடத்தைச் செருகுங்கள். அங்கேயும் அதே எஸ்என்ஆர் என்றால் கோளாறு வெளியே. புகார் கொடுக்கும்போது “நெட் ஸ்லோ” என்று சொல்லாதீர்கள், மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வதோடு முடிந்துவிடும். “லைனில் நாய்ஸ், மழையில் எஸ்என்ஆர் 14லிருந்து 5க்கு இறங்குகிறது” என்று சொல்லுங்கள். ஆள் வந்ததும் கம்பத்து டிபி பெட்டியை (வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டி) திறந்து பார்க்கச் சொல்லி, ஜாயின்ட் கெட்டிருந்தால் வேறு கம்பி ஜோடிக்கு மாற்றித் தரக் கேளுங்கள்.