காரோடு விக்டோரியா போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சியாட்டில் பக்கம் இருக்கும் நம்மாட்கள் மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் வான்கூவர் தீவுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நல்ல பயணம்தான். அமெரிக்கக் கரையில் இருக்கும் போர்ட் ஏஞ்சலஸில் கோஹோ என்ற கப்பலில் காரை ஏற்றினால், ஹுவான் டி ஃபூக்கா நீரிணையைக் கடந்து ஒன்றரை மணி நேரத்தில் அந்தத் தீவில் இருக்கும் கனடாவின் விக்டோரியா, அதுவும் சட்டமன்றக் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஊருக்கு நட்டநடுவில் இறங்கலாம். கடலில் சொதப்புவது ரொம்பக் குறைவு. சொதப்புவதெல்லாம் கரையில்.

முதலில் கப்பலையே தவறாகப் பிடிக்கிறார்கள். பழைய பயணக் குறிப்புகளில் அனகோர்ட்டிஸிலிருந்து வான்கூவர் தீவில் இருக்கும் சிட்னி என்ற ஊருக்குக் கார் கப்பல் உண்டு என்று இருக்கும். அது 2020-லேயே நின்றுவிட்டது. சியாட்டிலிலிருந்து நேராக விக்டோரியா போகும் கிளிப்பர் என்ற கப்பல் ஆட்களுக்கு மட்டும், கார் ஏறாது. அதனால் காரோடு நேராகப் போக கோஹோதான், அதற்குக் கோடையில் முன்பதிவு இல்லாமல் போனால் கரையில் நின்று கையசைக்க வேண்டியதுதான். திரும்பி வருவதற்கும் சேர்த்தே இடம் பிடியுங்கள். பின்னால் சைக்கிள் மாட்டியிருந்தால் அந்த நீளத்தையும், மேலே பெட்டி வைத்திருந்தால் அந்த உயரத்தையும் பதிவிலேயே சொல்லிவிடுங்கள், கட்டணம் நீளத்தைப் பொறுத்தது.

அடுத்து நேரக் கணக்கு. சியாட்டிலிலிருந்து போர்ட் ஏஞ்சலஸுக்கு மேப் இரண்டரை மணி நேரம் என்று காட்டும், அதை நம்பிக் கிளம்புவார்கள். சியாட்டிலில் ஏறும் பெயின்பிரிட்ஜ் ஃபெர்ரியில் முன்பதிவு கிடையாது, வரிசைதான். அதை விட்டுச் சாலையிலேயே டகோமா சுற்றி வந்தாலும் பெரும்பாலும் ஹூட் கால்வாய்ப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அது மிதக்கும் பாலம், கப்பல் வந்தால் திறந்துவிடுவார்கள், பக்கத்துக் கடற்படைத் தளத்தின் நீர்மூழ்கி வந்தாலும் அதே கதை. அரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். என்னைக் கேட்டால் முந்தின நாள் இரவே போர்ட் ஏஞ்சலஸ் போய்த் தங்கிவிடுவது நல்லது.

இனி பேப்பர் விஷயம், இங்கேதான் அதிகம் பேர் மாட்டுவது. அமெரிக்க விசா இருந்தால் கனடா உள்ளே விடும் என்ற நினைப்பு இன்னும் நிறையப் பேருக்கு இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டில் எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கனடா விசிட்டர் விசா தனியாக வேண்டும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் வேண்டும். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் கார்டோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை முடிந்துபோயிருந்தால்? ஐ-94 (அமெரிக்காவில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்ற பதிவு) செல்லுபடியாக இருந்து, கனடாவில் 30 நாளுக்கு மேல் தங்காமல் திரும்பினால் பெரும்பாலோரை அமெரிக்காவுக்குள் விட விதி இருக்கிறது. ஆனால் போன இடத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்தால் அந்தச் சலுகை போய்விடும். அப்புறம், அப்பா அம்மாவைக் கனடா கூட்டிப்போய் வந்தால் இன்னொரு ஆறு மாதம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த மாதிரிச் சின்னப் பயணத்துக்குப் பழைய ஐ-94 தேதியே தொடரும். குழந்தையோடு அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் போனால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் கனடா கொண்டுபோகிறேன் என்று சொல்லி, ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

டிக்கியையும் ஒருமுறை காலி செய்து பாருங்கள். வாஷிங்டனிலும் கஞ்சா சட்டப்படி சரி, அந்தப் பக்கம் விக்டோரியா இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் சரி, ஆனால் நடுவில் எல்லையைத் தாண்டுவது இரண்டு பக்கமும் குற்றம். சாவிக் கொத்தில் தொங்கும் பெப்பர் ஸ்பிரே கனடாவில் தடை செய்யப்பட்ட ஆயுதம். கேம்ப் போடுகிறவர்கள் விறகை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கேயே வாங்கலாம். திரும்பும்போது பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், எலுமிச்சை ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று அமெரிக்காவில் விடமாட்டார்கள். புளியோதரையோ முறுக்கோ, எதுவாயிருந்தாலும் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கப்பலில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடும்போது கார் தளத்தில் இருக்க விடமாட்டார்கள், ஸ்வெட்டரையும் மாத்திரையையும் மேலே எடுத்துப் போங்கள், காற்று பிய்த்தெடுக்கும். கார் அலாரத்தை அணைத்துவிடுங்கள், கப்பல் ஆடினால் அது கத்தும்.

இறங்கியதும் பலகையில் 80 என்று இருக்கும், அது கிலோமீட்டர். மைல் என்று நினைத்து 80-ல் விட்டால் கிட்டத்தட்ட 129 கிலோமீட்டர் வேகம். அந்த மாகாணத்தில் வரம்பைவிட 40-க்கு மேல் போனால் அபராதத்தோடு வண்டியை ஏழு நாள் பிடித்து வைத்துவிடுவார்கள், வாடகைக் காராக இருந்தாலும்.

அதே தீவின் மேற்குக் கரையில் இருக்கும் டோஃபினோவை ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று திட்டம் போடுவது இன்னொரு பைத்தியக்காரத்தனம். விக்டோரியாவிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல், அதிலும் போர்ட் ஆல்பர்னிக்குப் பிறகு மலைவழி, பெட்ரோல் பங்க் கிடையாது, அங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். போவதற்கு அந்த ஒரே சாலைதான். 2023 ஜூனில் கேமரன் ஏரிப் பக்கம் காட்டுத்தீ வந்தபோது அது வாரக்கணக்கில் மூடிக்கிடந்தது. அக்டோபர் முதல் மார்ச் வரை அந்த வழிக்குக் குளிர்கால டயரும் வேண்டும்.

திரும்பும்போது சோதனையில் ஒரு பகுதியை அமெரிக்க அதிகாரிகள் விக்டோரியாவிலேயே முடிக்கிறார்கள், அதனால் கடைசி நிமிடத்தில் துறைமுகத்துக்கு ஓடிவந்து பயனில்லை, ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். கோஹோவில் திரும்ப இடம் கிடைக்கவில்லையா? விக்டோரியாவுக்கு வடக்கே இருக்கும் ஸ்வார்ட்ஸ் பே துறைமுகம் போய், வான்கூவர் நகரப் பக்கம் இருக்கும் ட்சவாசனுக்கு உள்ளூர் கப்பல் பிடித்து, பீஸ் ஆர்ச் எல்லை வழியாகச் சாலையில் வந்துவிடலாம். லீவு முடிகிற நாளில் அங்கேயும் வரிசை இருக்கும், காலையிலேயே கிளம்புங்கள்.