பழைய போர்ஷே 911 வாங்கப் போகிறீர்களா? சத்தத்தைக் கேளுங்கள்

1990களின் கடைசியில் வந்த 996 மாடல் 911 இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும். இன்ஜின் போனால் அந்த லாபம் மொத்தமும் காலி.

வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். டிக் டிக் சத்தம் சில நிமிடத்தில் அடங்கினால் பெரும்பாலும் வால்வைத் தள்ளித் திறக்கும் வால்வ் லிஃப்டர்தான், பயம் வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் சத்தம் நிற்காமல், ஒரு பக்க சைலன்சர் குழாயில் மட்டும் கரி அப்பியிருந்தால் சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே கேமரா விட்டுப் பார்க்காமல் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஐ.எம்.எஸ். பேரிங், அதாவது இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் (intermediate shaft) தாங்கும் பேரிங். இது பல நேரம் சத்தமே போடாமல் இன்ஜினைக் காவு வாங்கிவிடும். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரின் மடிப்புகளை வெட்டி விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுக்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் அதற்கு மேல் ஓட்டவே வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்த பேரிங்கைத் தொட முடியும். அதனால் கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒரே தடவையோடு முடியும். 996-இலேயே டர்போ, ஜிடி3 என்ற இரண்டு வகைகளுக்கும் இன்ஜின் வேறு, இந்த பேரிங் தொல்லை அவற்றில் இல்லை.