படம் வாங்கும் முன் பேப்பர் ஒட்டுங்கள்

வெறும் சுவருக்குப் படம் வாங்கப் போகிறீர்களா? நினைத்திருக்கும் அளவுக்குப் பழைய செய்தித்தாளை மடித்து, பெயின்டர் டேப்பால் (பெயின்ட் உரியாமல் எடுக்க வரும் டேப்) சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டு, அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். அகலம், கீழே கிடக்கும் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு. 6 அடி சோபா என்றால் 4 அடி. பேப்பரின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குல உயரத்தில் வரட்டும். பாய் விரித்து உட்காரும் அறையா, அரை அடி இறக்குங்கள்.

கடையில் நெருக்கத்தில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியும் ஏ3 படம் (இரண்டு ஏ4 தாள் அளவு), காலிச் சுவரில் தபால்தலை மாதிரி ஆகிவிடும். அளவு தப்பி மறுபடி ஃபிரேம் போட்டால், அந்தச் செலவே படத்தின் விலையைத் தாண்டலாம். 4 அடிக்கு ஒரே பெரிய படம்தான் என்றில்லை: மூன்று ஏ3 படங்களை நெட்டுவாக்கில், பக்கம் பக்கமாக, 2 அங்குலம் இடைவெளி விட்டு மாட்டினால் ஃபிரேமோடு சேர்த்துக் கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் அட்டை (படத்தைச் சுற்றி ஓரமாக வரும், நடுவே வெட்டிய தடித்த அட்டை) கட்டாயம். இல்லையென்றால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

ஓதம் ஏறிய சுவருக்கு இது ஆகாது. சென்னையின் காசிமேடு, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் டேப் சுண்ணாம்போடு உரிந்து வந்தால், அங்கே காகிதப் படமே வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். கடல்காற்றுக்கு இரும்பு ஆணியும் துருவேறிச் சுவரில் கறை இறக்கும்; பித்தளைக் கொக்கி போடுங்கள்.