பம்பரமும் மாட்டுவண்டியும்: 1/10 ஆர்.சி. காரை டிராக்குக்குத் தயார் செய்வது

இடது வளைவில் பம்பரம், வலது வளைவில் மாட்டுவண்டி. நான்கு மாதம் என் ஆர்.சி. கார், அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்னக் கார், இப்படித்தான் ஓடியது.

பெங்களூரு கே.ஆர். புரம் பக்கம் எங்கள் அப்பார்ட்மென்ட். ஞாயிறு காலை ஆறரைக்குக் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஏழெட்டு பேர் கூடுவோம். எட்டு மணிக்குக் கார் துடைக்கிறவர்கள் வாளியோடு வந்துவிடுவார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும். பழைய தோட்டத்து ஹோஸ் பைப்பை வளைத்துப் போட்டால் அதுதான் டிராக். மற்றவர்கள் வண்டி கோடு போட்ட மாதிரி போகும். என்னுடையது தூணைத் தேடிப் போகும். புது டயர் வாங்கினேன், முன் சக்கரங்களைத் திருப்பும் சர்வோவை மாற்றினேன், வேகமான மோட்டார்கூட வாங்கினேன். கடைசியில் கோளாறு இருந்தது ஒரு மில்லிமீட்டரில்.

இந்தப் பதிவு 1/10 அளவு, அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள எலெக்ட்ரிக் டூரிங் கார் வைத்திருப்பவர்களுக்கு. என்னுடையது டமியா டி.டி.-02, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. வேறு கம்பெனி வண்டியானாலும் வேலை இதேதான். கிட்டைப் பூட்டிவிட்டீர்கள், சோல்டரிங் வரும், லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை பேலன்ஸ் சார்ஜ் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கருவிகள்

ஜப்பான் கிட்களில் வரும் கூட்டல் குறி ஸ்க்ரூ, நம் வீட்டு ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குப் பொருந்துவது போலத் தெரியும், ஆனால் பொருந்தாது. அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவு. சாதாரண ஸ்டார் டிரைவர் நழுவி நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். 2-ஆம் நம்பர் ஒன்று வாங்குங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் சேசிஸில் மரை ஒருமுறை அழிந்தால் அப்புறம் பிடிக்காது.

வெர்னியர் காலிப்பர் ஒன்று வேண்டும். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் மலிவான டிஜிட்டல் வெர்னியரே போதும். கூடவே ஒரு தட்டையான கண்ணாடி. டீப்பாய் மேல் கண்ணாடி நல்லது, சமையல் மேடை கிரானைட்டும் பரவாயில்லை. வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஸ்டீயரிங்

ரிமோட்டை முதலில் ஆன் செய்து, ஸ்டீயரிங்கின் நடுநிலையை நகர்த்தும் டிரிம், சப்-டிரிம் இரண்டையும் பூஜ்யத்தில் வையுங்கள். பிறகு காரை ஆன் செய்யுங்கள். சர்வோ நடுவுக்கு வந்து நிற்கும். அந்த நிலையில்தான் சர்வோ கையைப் பூட்ட வேண்டும். பல்லுக்குப் பல் சரியாக உட்காரவில்லையென்றால் மீதியைச் சப்-டிரிமில் சரிசெய்யலாம். டிரிமைக் கொண்டே எல்லாவற்றையும் நேராக்கிவிட்டால், ஒரு பக்கம் திருப்பம் குறைந்துவிடும்.

பிறகு எண்ட் பாயிண்ட், அதாவது சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லை. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிப் பிடியுங்கள். சர்வோ முனகினால் அது சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். முனகல் நிற்கும் வரை எண்ட் பாயிண்டைக் குறையுங்கள். அப்புறம் மெதுவாக இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் ஓட்டி, இரண்டையும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று சின்னதாக இருந்தால் அந்தப் பக்க எண்ட் பாயிண்டைக் குறைத்து இரண்டையும் சமமாக்குங்கள்.

இந்தச் சோதனையை நான் முதல் மாதமே செய்தேன். இரண்டு வட்டமும் ஒரே அளவு. மெதுவாகப் போனால் கார் யோக்கியன், வேகமாகப் போனால் மட்டும் பம்பரம். அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து வேகத்தில் மட்டும் இடமும் வலமும் வேறுபட்டால், கோளாறு ஸ்டீயரிங்கில் இருக்க வாய்ப்பு குறைவு. நான்கு சக்கரத்துக்கும் எடை பிரிகிற விதத்தில் தேட வேண்டும்.

டாம்பர்: என்னை விழ வைத்த இடம்

டாம்பர் என்றால் சக்கரத்தின் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர். டி.டி.-02 சாதாரண கிட்டில் எண்ணெய் இல்லாத உராய்வு டாம்பர்தான் வரும். அதைக் கழற்றிவிட்டு எண்ணெய் டாம்பர் நான்கு போட்டேன். ஒரே ராத்திரியில், டி.வி. பார்த்துக்கொண்டே பூட்டினேன். அதற்கான தண்டனைதான் நான்கு மாதம்.

மாடியில் ஓர் அண்ணன் இருக்கிறார். தருமபுரிக்காரர், பீன்யாவில் லேத் பட்டறையில் முப்பது வருஷம். ஒரு ஞாயிறு என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "தம்பி, நாலு காலும் ஒரே நீளமா இருக்கான்னு பாத்தியா? கட்டில் ஆடுனா மெத்தையையா மாத்துவ?" என்றார். அவருடைய வெர்னியரையே கொண்டுவந்து அளந்தார். மூன்று டாம்பர் சமம். பின் வலது மட்டும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கீழே இருக்கும் பிளாஸ்டிக் முனையை இரண்டு சுற்று குறைவாகத் திருகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? பின் வலது மூலை தூக்கி நிற்கும். ஆடும் மேசையில் எதிரெதிர் கால் இரண்டு மட்டும் எடையைத் தாங்குவது போல, பின் வலதும் முன் இடதும் அதிக எடை சுமக்கும். மற்ற இரண்டு சக்கரமும் சும்மா தொட்டுக்கொண்டு வரும். இடது வளைவில் பின்பக்கம் வழுக்கும், வலது வளைவில் முன்பக்கம் பிடிக்காமல் அகலமாக ஓடும். பம்பரம், மாட்டுவண்டி. நான் வாங்கிய வேகமான மோட்டார் இந்தக் கோளாறை இன்னும் வேகமாகக் காட்டியது.

இப்போது நான் பூட்டும் முறை இது. பிஸ்டன் தண்டை முழுதாகக் கீழே இழுத்துவிட்டு, சிலிகான் டாம்பர் எண்ணெயை விளிம்பு வரை ஊற்றுவேன். டூரிங் காருக்கு 300 முதல் 400 வரை எண் உள்ள எண்ணெயில் ஆரம்பிக்கலாம். தண்டை மெதுவாக, மிக மெதுவாக, மேலும் கீழும் அசைத்தால் குமிழி வரும். அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டுக் காபி போடப் போய்விடுங்கள். பத்து நிமிஷம். நான் அன்றைக்கு ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை, உள்ளே காற்று மாட்டிக்கொண்டது. குமிழி போன பிறகு மேலே ரப்பர் சவ்வை வைத்து மூடியைத் திருகுங்கள், மிச்ச எண்ணெய் வழியட்டும்.

அப்புறம் மூன்று சோதனை. ஒன்று, நான்கு டாம்பரின் நீளமும் முனைத் துளையிலிருந்து முனைத் துளை வரை ஒரே அளவா என்று வெர்னியரில் பாருங்கள். முன் ஜோடிக்குள் சமம், பின் ஜோடிக்குள் சமம் என்று இருந்தாலும் போதும். இரண்டு, ஸ்பிரிங் இல்லாமல் தண்டை முழுக்க உள்ளே தள்ளி விடுங்கள், எவ்வளவு திரும்பி வருகிறது? ஜோடிக்கு ஜோடி ஒரே அளவு வர வேண்டும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஜோடி டாம்பரின் தண்டு முனைகளை நேருக்கு நேர் முட்டவைத்து இரண்டு கையாலும் அழுத்துங்கள். இரண்டும் சமமாக உள்ளே போனால் சரி. ஒன்று மட்டும் தோற்று உள்ளே போனால் இரண்டில் ஒன்றைத் திறந்து மறுபடியும் எண்ணெய் ஊற்ற வேண்டியதுதான். ஸ்பிரிங்குக்கு மேல் போடும் கிளிப்பும் இருபக்கமும் ஒரே தடிமன் இருக்கட்டும்.

பூட்டிய பிறகு கண்ணாடி மேல் காரை வைத்து, நாலு மூலையையும் இரண்டு தடவை அழுத்தி விடுங்கள். முன் பம்பருக்குக் கீழே சரியாக நடுவில் ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். வலது முதலில் எழுந்தால், முன் டாம்பர் நீளம் சமம் என்ற பட்சத்தில், பின் வலதில் அழுத்தம் அதிகம். அதாவது முன்பக்கம் தூக்கும்போது குற்றவாளி பின்பக்கத்தில் இருப்பான். பின்பக்கத்தைத் தூக்கினால் முன்பக்கத்தில். இது மண்டையில் ஏற எனக்கு ஒரு வாரம் ஆனது.

பேட்டரி ஒரு பக்கம் படுத்திருக்கும் சேசிஸில் எடையும் சாயும். சமையல் தராசில் ஒரு பலகை வைத்து இடப்பக்கச் சக்கரம் இரண்டையும் ஏற்றுங்கள். வலப்பக்கச் சக்கரத்துக்கு அதே உயரத்தில் புத்தகம் வையுங்கள். பிறகு மாற்றி வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) இரண்டையும் இடம் மாற்றுங்கள். அதிலும் தீராவிட்டால் கார் டயர் கடையில் அலாய் வீலுக்கு ஒட்டும் 5 கிராம் துண்டுகள் கிடைக்கும். டாம்பர் நீளத்தை வைத்து எடையைச் சமன் செய்யப் பார்க்காதீர்கள்.

உயரம், கேம்பர், டோ

தரையிலிருந்து சேசிஸ் உயரம் வழுவழுப்பான இடத்தில் 5 முதல் 6 மி.மீ. நம் தார்த் தரைக்கு 7 வைத்தால் அடி தேயாது. சக்கரத்தின் மேல்புறம் உள்ளே சாயும்படி, அதாவது கேம்பர், மைனஸ் 1 முதல் 2 டிகிரி. பின் சக்கரங்கள் முன்னோக்கி உள்ளே பார்க்கும் டோ-இன் 2 முதல் 3 டிகிரி. இது இல்லாத வண்டி ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே வாலை ஆட்டும். முன் சக்கரத்தை நேராகவே விடுங்கள். இதில் மணிக்கணக்கில் உட்காருபவர்கள் உண்டு. முதல் ஆறு மாதத்துக்கு உங்களுக்கு அது தேவையில்லை.

கியர்

மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுழற்றும் பெரிய பல்சக்கரம் ஸ்பர். சின்ன டிராக்குக்குப் பெரிய பினியன் வீண். கணக்கு எளிது: ஸ்பர் பல்லைப் பினியன் பல்லால் வகுத்து, வண்டியின் உள் விகிதத்தால் (ஸ்பருக்குப் பிறகு இருக்கும் கியர்களின் விகிதம்) பெருக்க வேண்டும். டி.டி.-02-இல் 70 பல் ஸ்பர், 22 பல் பினியன், உள் விகிதம் 2.6. எண் 8.27 வரும். எண் பெரிதானால் இழுவை கூடும், மோட்டார் குளிர்ச்சியாக இருக்கும். சிறிதானால் வேகம் கூடும், சூடும் கூடும். பினியன் வாங்கும்போது பல்லின் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது. பல்லின் அளவும் பொருந்த வேண்டும், டி.டி.-02-க்கு அது 0.6 மாட்யூல். 48 பிட்ச் என்று விற்பது கிட்டத்தட்ட 0.53. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், இரண்டே சுற்றில் ஸ்பர் மொட்டையாகிவிடும்.

ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு மோட்டார் சூட்டைப் பாருங்கள். 70 டிகிரிக்கு மேல் போனால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். சூட்டை அளக்கக் கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினேன், 'ஹை' என்று மட்டும் காட்டியது. அது காய்ச்சல் பார்க்க மட்டும்தான், 43 டிகிரி சுமாருக்கு மேல் அதற்குத் தெரியாது. தொழிற்சாலையில் பயன்படுத்தும் வகை வேண்டும்.

டயரும் தூசியும்

எங்கள் கீழ்த்தளத்தில் பெயின்ட் அடித்த தரை, மேலே செம்மண் தூசி. பத்து நிமிஷம் துடைப்பத்தால் பெருக்கினாலே சுற்றுக்கு அரை நொடி மிச்சம். இது என் ஸ்டாப்வாட்ச் கணக்கு, உங்கள் இடத்தில் மாறலாம். டயரை ரிம்மில் ஒட்டச் சாதாரண ஃபெவிக்விக் போதும், துளித்துளியாக விடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். மாற்றியதையும் ஐந்து சுற்று நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். போனில் எழுதினால் போனெல்லாம் எண்ணெய்.

பின்சேர்க்கை 1: சிலிகான் எண்ணெய்க்குப் பதில் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் டாம்பரின் சிலிகான் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) உப்பிவிடும், தண்டு இறுகும். ஒருவர் கேட்பதற்கு முன்பே ஊற்றிவிட்டார். அவருக்கு: ஓ-ரிங் நான்கையும் மாற்றுங்கள், சிலிண்டரைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்துப் பிறகு பூட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: "எல்லாம் சமமாக அளந்தேன், ஆனாலும் நடுவில் கார் நின்றுவிடுகிறது" என்று ஒரு கடிதம். ஹாபிவிங் 1060 ஈ.எஸ்.சி. வைத்திருந்தார். அதில் பேட்டரி வகையைச் சொல்லும் குட்டி ஜம்பர் (கழற்றி மாற்றிச் செருகும் இணைப்பு) ஒன்று உண்டு. லைப்போ போட்டால் லைப்போவில் இருக்க வேண்டும். அவருடையது சரியாகத்தான் இருந்தது. பேட்டரிதான் பழசு, வேகம் கொடுத்தால் வோல்ட் சரிந்து ஈ.எஸ்.சி. காவலுக்கு வந்துவிடுகிறது. ஜம்பரை மாற்றி வைத்தால் நிற்காமல் ஓடும், ஆனால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய் உப்பிவிடும். மாற்ற வேண்டியது பேட்டரியை.

பின்சேர்க்கை 3: மே மாத மாலை மழையில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. டிராக் இரண்டு வாரம் கிடையாது. பேட்டரியை முழு சார்ஜில் போட்டு வைக்காதீர்கள், செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். மாடி அண்ணன் இப்போது சொந்தமாக ஒரு கிட் வாங்கிவிட்டார். டாம்பரை மட்டும் மூன்று நாளாகப் பூட்டிக்கொண்டிருக்கிறார்.