குழந்தைகளுக்குப் படம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குழந்தைகளுக்கான திரையிடல் குழுக்கள் புதிதாக முளைத்து வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் குழு தொடக்கத்தில் செய்த தவறுகளையே இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். குடிநீர், கழிப்பறை, ஜெனரேட்டர் எல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

'யு' சான்றிதழே போதும் என்று நினைப்பது

'யு' என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்றுதான் பொருள். ஆறு வயதுக் குழந்தைக்குப் பிடிக்கும் என்று தணிக்கை வாரியம் உறுதி தரவில்லை. 2024இல் 'யுஏ' பிரிவை 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அது ஓரளவு உதவும். ஆனாலும் முழுப் படத்தையும் நீங்கள் பார்த்த பிறகே திரையிடுங்கள்.

நாள் பார்க்காமல் அறிவிப்பது

கடலோர ஊர்களில் ஞாயிறு காலை வேண்டவே வேண்டாம். திருப்பலி, மறைக்கல்வி வகுப்பு என்று குழந்தைகளுக்கு நேரமே இருக்காது. டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. திறந்தவெளியில் போடுவதென்றால், இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது.

சப்டைட்டிலை நம்பி உட்கார வைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஹைதராபாத்தில் நவம்பர் 14ஐ ஒட்டி நடந்துவந்த சர்வதேசக் குழந்தைகள் பட விழா போன்றவற்றின் பழைய பட்டியலைப் பார்த்து, விருது பெற்ற வெளிநாட்டுப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் சொல்லை எழுத்துக்கூட்டுவதற்குள் அந்த வரி மறைந்துவிடும்.

குளச்சலுக்கு அருகே ஓர் ஊரில் இப்படித்தான் ஒரு பாரசீகப் படம் ஓடியது. ஒரு சிறுமி பக்கத்தில் இருந்த அக்காவிடம், "அவன் என்ன சொல்கிறான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்காவும் தனக்குப் புரிந்ததைப் பொறுமையாகச் சொன்னாள். அமைப்பாளர் ஒருவர் வந்து இருவரையும் அதட்டினார். அந்த அரங்கில் படத்தைக் குழந்தையிடம் கொண்டுசேர்த்த ஒரே ஆள் அந்த அக்காதான். அவள் வாயை அடைத்துவிட்டார்கள். பாதிப் படத்திலேயே பையன்கள் வெளியே பந்து விளையாடப் போய்விட்டார்கள். "நம் பிள்ளைகளுக்கு ரசனை இல்லை" என்று அமைப்பாளர்கள் சலித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் பாய்களில் பாதிக்கு மேல் காலி. ஒருமுறை சலித்துப் போன பிள்ளையைத் திரும்ப அழைத்துவருவது எவ்வளவு கடினம் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பெர்லின் திரைப்பட விழாவில்கூட, சிறுவர்களுக்கான பிரிவில் பிறமொழிப் படம் ஓடும்போதே ஒருவர் ஜெர்மனில் குரல் கொடுக்கிறார். நமக்கும் இது புதிதல்ல. மௌனப் படக் காலத்தில் திரைக்கு அருகே நின்று கதை சொல்பவர்கள் இங்கேயும் இருந்தார்கள். உங்கள் குழுவில் நல்ல குரல் உள்ள ஒருவரைப் பிடியுங்கள். அவர் படத்தை இரண்டு முறையாவது பார்த்து, வசனங்களைச் சிறு சிறு தமிழ் வாக்கியங்களாக எழுதிக்கொள்ளட்டும். நடிக்க வேண்டாம், விளக்கமும் வேண்டாம். பாத்திரங்கள் மௌனமாக இருக்கும் இடத்தில் அவரும் மௌனமாக இருந்தால் போதும்.

அதற்கு ஆள் இல்லையென்றால் வசனம் குறைந்த படத்தைப் போடுங்கள். 1956இல் வந்த பிரெஞ்சுப் படமான 'சிவப்பு பலூன்' சுமார் 34 நிமிடம்தான். பேச்சே மிகக் குறைவு, சிறு பிள்ளைகளும் அசையாமல் பார்க்கிறார்கள். சாப்ளின் இருக்கிறார். களியக்காவிளைப் பக்கம் மலையாளப் படம் தாராளமாக ஓடும். அதே படம் ஆரல்வாய்மொழியிலும் புரியும் என்று எண்ணிவிடாதீர்கள்.

உரிமை

எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள். கடையில் வாங்கிய டிவிடி அனுமதி ஆகாது.

பொன்னாடை

படம் முடிந்த பிறகு.

"என்ன கற்றுக்கொண்டாய்?"

விளக்கு எரிந்ததும் ஒலிவாங்கியை நீட்டி இப்படிக் கேட்காதீர்கள். ஒழுக்கம், ஒற்றுமை என்று பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைத்தான் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். எந்த இடத்தில் சிரித்தாய், யார்மேல் கோபம் வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல விரும்பாத பிள்ளையை வீட்டுக்குப் போக விடுங்கள்.